மூன்று கொடி, ஒரு ஜாடி

சிறுபாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "கள்ளு செஞ்சதப் போயி இவ்ளோ பெருமையா சொல்றீங்களே மேடம்?" என்றாள். குரலில் குறும்பு இல்லை. கோபம்தான் இருந்தது.

அன்று பாடம் எயிற்பட்டினம். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய பாட்டு. வறுமையில் வாடும் பாணனை அவனிடம் ஆற்றுப்படுத்தும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர்கள் வருகின்றன. கடைசியில் அரசனின் கிடங்கில். கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கல். எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பாட்டில் தங்கள் ஊர் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது என் அனுபவம். அவளும் நிமிர்ந்துதான் உட்கார்ந்தாள். ஆனால், மரக்காணத்தை ஒட்டிய குப்பம் ஒன்றிலிருந்து வருகிறவள் அவள். 2023 மே மாதம் அந்தக் கரையில் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மறு ஆண்டு ஜூனில், 2019 வரை எங்கள் மாவட்டமாக இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

அந்தப் பெண்ணுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "பண்டைக் காலத்துல அது உணவும்மா" என்று பாடப்புத்தகம் சொல்லும் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போனேன். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் கடன்பட்ட பதில்.

அந்தப் பகுதியை இப்போது மெதுவாகப் படித்துப் பார்க்கிறேன். எயிற்பட்டினத்தில் அலை கரையில் கொண்டுவந்து போட்ட அகில்கட்டை விறகாக எரிகிறது. நிலவும் ஏங்கும் முகமும் வேல் போன்ற பார்வையும் கொண்ட நுளைமகள் ஒருத்தி பழைய தேறலை அரித்து வைத்திருக்கிறாள். அதைப் பரதவர் எடுத்துப் பாணனுக்குக் கொடுக்கிறார்கள். பாணன் குடித்துவிட்டுக் கிடங்கில் கோமானைப் பாடி, சுட்ட குழல்மீனும் தின்கிறான்.

வேலை யாருடையது, கை யாருடையது, பெயர் யாருடையது என்று பிரித்துப் பார்த்தால் பாட்டு வேறொன்றைச் சொல்கிறது. அரித்தவள் பெண். எடுத்துக் கொடுத்தவர்கள் ஆண்கள். புகழ் அரசனுக்கு. அவளுக்குக் கிடைத்தது முகத்தையும் கண்ணையும் பற்றிய இரண்டு உவமைகள். இதே பாட்டில் வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு வருகிறது. ஆமூரில் உழவர் வீட்டுப் பெண்ணின் கையால் சோறும் நண்டும் வருகின்றன. ஓய்மாநாட்டின் வழித்தடம் என்று நாம் படிப்பது உண்மையில் அடுப்படிகளின் வரிசை. அந்த அடுப்படிகளில் ஒன்றில் தேறலும் இருந்தது.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் விவரமாகச் சொல்கிறது. வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்தில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு செய்முறையையே தந்துவிடுகிறார். குற்றாத அரிசியைக் குழையக் கூழாக்க வேண்டும். வாயகன்ற பிழாவில் கொட்டி ஆற்ற வேண்டும். முளைகட்டிய தானியத்தை இடித்துக் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வாய் உறுதியான சாடியில் விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். இதைச் செய்தவர் ஆணா பெண்ணா என்று அந்த இடத்தில் பாட்டு சொல்லவில்லை. ஆனால் அதே பாட்டில் நீர்ப்பெயற்றுப் பட்டினத்துப் பகுதியில் கள் அடுகிற பெண்கள் வட்டில் கழுவிய தண்ணீர் வழிந்து தெரு சேறாகிக் கிடக்கிறது. அந்தச் சேற்றில் பன்றிகள் புரளுகின்றன. இலக்கியத்துக்கு இது அழகான காட்சி இல்லை. வரலாற்றுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. தெரு சேறாகும் அளவுக்குப் பெண்கள் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

மொழியிலும் தடயம் இருக்கிறது. தேறல் என்றால் தெளிந்தது. அரியல் என்றால் அரித்து எடுத்தது. பிழி என்றால் பிழிந்தது. குடிக்கும் பொருளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களில் பல, குடிப்பவனின் மயக்கத்தைச் சொல்லவில்லை. செய்தவரின் கைவேலையைச் சொல்கின்றன. 'சரக்கு', 'தண்ணி', 'கட்டிங்', 'குவார்ட்டர்' என்று இன்று நாம் வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் வாங்குகிறவனின் பக்கத்திலிருந்து வந்தவை.

அந்தப் பாட்டுகளில் திராட்சை மது கடல் வழியாக வந்த பண்டம். யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் பெண்கள் ஊற்றித் தர அரசன் அருந்துவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடுகிறார். விழுப்புரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பகுதியின் ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மது வந்த சாடிகள் அவற்றில் உண்டு. பட்டினத்தின் தேறலை வீட்டுப் பெண் அரித்தாள். அரண்மனையின் யவனத் தேறலைப் பெண் ஊற்றினாள். செய்கிறவள், ஊற்றுகிறவள் என்ற பிரிவு அப்போதே தொடங்கிவிட்டது. குடித்தவளும் இருந்தாள். அதியமான் இறந்தபோது அவனோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட நாட்களை நினைத்து அழுத ஔவையாரை நம் பள்ளிக்கூடங்கள் ஆத்திசூடிக் கிழவியாக மட்டுமே காட்டுகின்றன.

இந்த வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த டீச்சரைப் பார்க்கப் போனேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது செய்வது குற்றம். வைனும் அதில் அடங்கும். நுளைமகளுக்குப் பெயர் தராத புலவரைக் குறை சொல்லிவிட்டு, நானும் ஒரு பெண்ணைப் பெயரில்லாமல்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர். அவருடைய அம்மா விழுப்புரம் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றில் சமையலுக்கு இருந்தவர். கிறிஸ்துமஸ் வைன் போடுகிற பழக்கம் அந்த அடுப்படியிலிருந்து இந்த அடுப்படிக்கு வந்தது. மாடியில் பந்தல். மூன்று கொடிகள். ஒன்று பன்னீர்த் திராட்சை. இன்னொன்று பச்சை. மூன்றாவதின் வகை யாருக்கும் தெரியாது. காலனியிலிருந்து அம்மா கிளை ஒடித்துக்கொண்டுவந்து நட்டது என்பதால் அதற்கு வீட்டில் 'காலனிக் கொடி' என்று பெயர். சின்னப் பழம், கருநீலம், தோல் தடிப்பு, வாயில் வைத்தால் புளிப்பு.

கிறிஸ்துமஸ் டிசம்பரில் என்றாலும் வேலை வைகாசியில் தொடங்குகிறது. கவாத்து செய்து நான்கு மாதம் போல ஆனால் பழம். ஐப்பசி மழையில் மாட்டினால் பழம் வெடித்துப் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் புரட்டாசியில் அறுத்துவிட வேண்டும். மூன்று கொடியும் ஒரே நாளில் பழுக்காது. அதற்காக ஒவ்வொன்றுக்கும் சில நாள் முன்பின்னாகக் கத்தி வைக்கிறார். எதற்கு எத்தனை நாள் முன்னால் என்பது எந்த நோட்டிலும் இல்லை. அவர் தலையில்தான் இருக்கிறது.

"மூணையும் ஏன் டீச்சர் ஒண்ணா போடுறீங்க? தனித்தனியா போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"தனித்தனியா போட ஜாடி மூணு வேணும். பழம் அவ்ளோ ஏது? ஒவ்வொண்ணும் பாதி ஜாடிகூட நிறையாது. பாதி ஜாடின்னா மீதி காத்து. காத்து பட்டா காடிதாம்மா."

இந்த ஒரு பதிலில் ஒரு விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது. மது காடியாவதற்கு அசிட்டிக் அமிலப் பாக்டீரியாவும் ஆக்சிஜனும் சேர வேண்டும். நிறைந்த ஜாடியில் நொதிக்கும்போது எழும் கரியமில வாயு மேலே போர்வை போலத் தங்கும். பாதி ஜாடியில் அந்தப் பாதுகாப்பு சீக்கிரம் கலைந்துவிடும்.

தனித்தனியாகச் செய்து பிறகு கலப்பதற்கும், பழமாக இருக்கும்போதே சேர்த்து நொதிக்க விடுவதற்கும் வேறுபாடு உண்டு. கறுப்புப் பழத்தின் நிறம் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. நொதிக்கும்போது உண்டாகும் சூடும் ஆல்கஹாலும் அந்த நிறத்தைத் தோலிலிருந்து இறக்குகின்றன. பச்சைப் பழத்தின் சாறும் அதே ஜாடியில் இருப்பதால் அதற்கும் அந்த நிறம் கிடைக்கிறது. பன்னீர் வாசனையைத் தருகிறது. பச்சை இனிப்பைத் தருகிறது. காலனிக் கொடியின் புளிப்பு கெடாமல் காக்கிறது. "அது இல்லன்னா சப்புனு இருக்கும்" என்றார் டீச்சர்.

மற்றதெல்லாம் எளிமை. பழத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக் கையால் பிசைந்து, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு சேர்த்து ஊறுகாய் ஜாடியில் போடுகிறார். வாயில் வெள்ளைத் துணியைக் கட்டுகிறார். காற்று உள்ளே போகக் கூடாது, உள்ளே எழும் வாயு வெளியே வர வேண்டும் என்பதற்காகத் துணிமேல் மூடியை இறுக்காமல் வைக்கிறார். தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறுகிறார். மேலே மிதந்து வரும் தோல் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். கிளறினால் மீண்டும் உள்ளே போகும். இருபத்தோராம் நாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுகிறார். பிறகு பாட்டிலில் தெளிய விடுகிறார். அரியல், பிழி, தேறல் மூன்றும் என் கண்முன்னால் நடந்தன. முளைகட்டிய தானியம் இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி கோதுமை இருந்தது. வலைஞர் குடியிருப்பிலிருந்து நேராக இந்த மாடிக்கு வந்த மரபு இது என்று நான் சொல்லவில்லை. வழி வேறு, அது ரயில்வே காலனி வழி. ஆனால், இரண்டும் வீட்டில் இருக்கும் சாடியையும் துணியையும் விரலையும் நம்பிய வேலைகள்.

ஐரோப்பாவில் இந்த முறைக்கு ஒரு பெயரும் மரியாதையும் உண்டு. வியன்னா நகர எல்லைக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பல வகைக் கொடிகளை ஒரே தோட்டத்தில் கலந்து நட்டு, ஒன்றாகவே அறுத்து, ஒன்றாகவே நொதிக்கவைக்கும் பழைய வழக்கத்துக்குக் 'கெமிஷ்டர் சாட்ஸ்' என்று பெயர். ஒரு வகை பனியில் கருகினால் இன்னொன்று காப்பாற்றும் என்பது குடியானவர் கணக்கு. ஒற்றை வகை மதுவே உயர்ந்தது என்ற எண்ணம் வந்த காலத்தில் இது மலிவான சரக்காகப் பார்க்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து அதற்குச் சட்டப் பாதுகாப்புள்ள தரப்பெயர் கிடைத்திருக்கிறது. குறைந்தது மூன்று வெள்ளை வகைகள் சேர்ந்திருக்க வேண்டும். எந்த ஒன்றும் பாதிக்கு மேல் போகக் கூடாது. வியன்னாவில் மூன்று கொடி என்றால் அரசு முத்திரை. இங்கே மூன்று கொடி என்றால் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும்.

எப்படி இப்படி ஆனது? வழக்கமாக மதுவிலக்கு வரலாறு ஒழுக்கத்திலிருந்து தொடங்கும். அது பணத்திலிருந்து தொடங்கியது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தின் கீழ், மது செய்யவும் விற்கவும் உரிமமும் வரியும் வேண்டும் என்றானது. வீட்டில் அடுவது வருமான இழப்பாகப் பார்க்கப்பட்டது. குத்தகை எடுக்கப் பணமும் செல்வாக்கும் வேண்டும். வட்டில் கழுவிய பெண்களிடம் அவை இல்லை. அதன்பிறகு ஒழுக்கம் வந்தது. 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் எடுத்தார்கள். சில ஆண்டுகளில் மீண்டும் கொண்டுவந்தார்கள். 1981இல் மீண்டும் கடைகள் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987இல் கள் நின்றது. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்குப் போனது. வரிக்காக வீட்டிலிருந்து பறிக்கப்பட்டது, ஒழுக்கத்துக்காகத் தடுக்கப்பட்டது, கடைசியில் வரிக்காகவே அரசுக் கடையில் வந்து நின்றது.

இந்த நூறாண்டு வரலாற்றில் பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் வேறு இடத்தில். 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவிலிருந்து சாராய எதிர்ப்பு எழுந்தது. நெடுஞ்சாலைக் கடைகளை உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னதும் அவை ஊருக்குள் இடம்பெயர்ந்தபோது, 2017இல் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் கடைகளை மறித்தார்கள். அந்தக் கோபத்தில் எனக்குப் பங்கு உண்டு. குடியால் கெட்ட குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் நடத்துகிறேன். குறுந்தொகைப் புத்தகத்தை அப்பா விற்றுவிட்டார் என்று சொன்ன பிள்ளையும் என் வகுப்பில் இருந்தாள்.

ஆனால் மறியல் செய்பவளாகவும் விதவையாகவும் மட்டுமே பெண்ணை வைத்திருக்கும் வரலாறு அரை வரலாறு. செய்யத் தெரிந்தவளாகவும் அவள் இருந்தாள். என்ன விளைகிறது, எப்போது நிறுத்த வேண்டும், எது கெட்டுப்போனது என்று மூக்கால் அறிகிற அறிவு அவளிடம் இருந்தது. அந்த அறிவு கையை விட்டுப்போன இடத்தில்தான் ஆலை மெத்தனால் வந்து உட்கார்ந்தது. பழத்திலுள்ள பெக்டினிலிருந்து நொதிக்கும்போது மிகச் சிறிதளவு மெத்தனால் உண்டாகும். எக்கியார்குப்பத்திலும் கருணாபுரத்திலும் கொன்றது அது அல்ல. தொழிற்சாலைக்கு உரிய நஞ்சு, யார் கலந்தார் எவ்வளவு கலந்தார் என்று குடித்தவர்களுக்குத் தெரியாமல் பாக்கெட்டில் வந்தது.

தமிழில் 'கலப்பு' என்ற சொல் பெரும்பாலும் வசையாகவே கிடைக்கிறது. கலப்புத் திருமணம் என்றால் அரிவாளைத் தேடும் வீடுகள் இந்த வட்டாரத்திலும் உண்டு. சுத்தம் என்பதை உயர்வாகவும் கலப்பதைத் தாழ்வாகவும் பழக்கியது சாதி. அந்தப் பழக்கம் நம் நாக்கில் இருக்கிறது. நாம் பயப்பட வேண்டியது கலப்பைப் பார்த்து அல்ல, கலப்படத்தைப் பார்த்து. டீச்சர் கலக்கும்போது எது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். குடிக்கிற பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் தூய வகை என்று நினைக்கும் பன்னீர்த் திராட்சையே ஒரு கலப்புதான். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் ஊர்ப்பெயர். அலெக்சாண்டிரியா மஸ்கட்டும் ஸ்கியாவா கிரோசாவும் அதற்குத் தாய் தகப்பன். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இன்று கம்பம் பன்னீர்த் திராட்சை என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கலப்பாகப் பிறந்து, கடல் கடந்து வந்து, நம் மண்ணின் பெயரை எடுத்துக்கொண்ட கொடி அது.

எல்லோரும் வீட்டில் மது செய்யுங்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வரவில்லை. இந்தியாவில் திருச்சபைகள் உரிமம் பெற்றுத் திருப்பலி மது தயாரிக்கின்றன. ஆலைகள் உரிமம் பெற்று ஊருக்கே ஊற்றுகின்றன. கிறிஸ்துமஸ் கேக்கோடு ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளர் என்று வருஷத்துக்கு ஆறு பாட்டில் போடும் பெண்ணுக்கு மட்டும் சட்டத்தில் இடம் இல்லை என்பதைக் குறித்து வைக்கிறேன். கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோனதை முதலில் கவனித்துச் சொன்னது மரியாள். புனித நூலும் சங்க நூலும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகின்றன. சாடியில் எவ்வளவு இருக்கிறது என்பது பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த முறை அந்தப் பகுதியை நடத்தியபோது வினைச்சொற்களை மட்டும் எழுதச் சொன்னேன். யார் எந்த வினையைச் செய்கிறார்கள் என்று எதிரே எழுதச் சொன்னேன். அரித்தாள், சமைத்தாள் என்ற பக்கம் நீளமாகப் போனது. கொடுத்தான், பெற்றான் என்ற பக்கம் குட்டையாக நின்றது. பிள்ளைகள் தாங்களாகவே சிரித்தார்கள். நுளைமகளைப் பற்றி நான் சொன்னது கள்ளின் பெருமை இல்லை, அவள் வேலையின் கணக்கு என்று அவளிடம் சொன்னேன்.

அந்த மாணவி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது பின்னாலேயே வந்தாள்.

"நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா எங்க அம்மாகிட்ட போயி இத நான் சொல்ல முடியாது."

"சொல்ல வேண்டாம்மா" என்றேன். அவளுடைய அம்மா 2017இல் கடை வாசலில் உட்கார்ந்த பெண்களில் ஒருவர் என்று அவள் சொல்லி எனக்குத் தெரியும். "உங்க அம்மா செஞ்சதையும் எழுதி வை. ரெண்டும் ஒரே கரையில நடந்தது."